எருமையின் சூடும் சீதளானந்தரின் பாதமும்

வாய்க்கால் கரையில் அரை மைலுக்கு வண்டிகள் நின்றன. டிராக்டர்கள் நின்றன. அறுவடை இயந்திரம் ஒன்று கரையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றது. பவர் டில்லரைக் கையால் தள்ளிக்கொண்டு வந்து ஒருவர் நின்றார். கரும்புச்சாறு பிழிகிற வண்டிக்காரர் ஒருவர், வந்ததுதான் வந்தோம் என்று வரிசையிலேயே வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டார்.

எல்லா வண்டிக்கும் ஒரே நோய், இன்ஜின் சூடு. எல்லாருக்கும் ஒரே வைத்தியர், ஸ்ரீலஸ்ரீ சீதளானந்த சுவாமிகள்.

குடவாசல் வட்டாரத்தில் அந்த ஐப்பசியில் சாமியைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. இமயமலையில் பன்னிரண்டு வருஷம் பனிக்கட்டி மேல் உட்கார்ந்து தவம் செய்தவராம். குளிர்ச்சி உட்கார்ந்த இடத்திலிருந்து உச்சந்தலை வரை ஏறி, இப்போது அவர் கை பட்டால் கொதிக்கிற இன்ஜினும் இளநீராகிவிடுமாம். பந்தலுக்கு வெளியே வைத்திருந்த ஃப்ளெக்ஸில் அப்படித்தான் போட்டிருந்தது. போட்டிருந்தால் சரியாகத்தான் இருக்கும். பொய்யை யாராவது அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடிப்பார்களா?

பந்தலுக்குள் சாமி இருந்தார். சாமிக்குப் பின்னால் ஓர் ஏர்கூலர் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்ச்சியின் அவதாரத்துக்கு ஏர்கூலர் எதற்கு என்று ஒரு வாயாடி கேட்டதற்கு, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் கல்யாணம் சார் உடனே பதில் சொன்னார்.

"அது சாமிக்கு இல்லைங்க. சாமி உடம்புலேருந்து வர்ற குளிர்ச்சியை அந்தக் கூலர் வாங்கி ஜனங்களுக்குக் குடுக்குது. எல்லாம் சயின்ஸ்தான்."

கல்யாணம் சார் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வெப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவர். அவரிடம் படித்த பிள்ளைகள் பாஸானது சொந்த முயற்சியில்தான் என்று தெரிகிறது.

இருபத்தேழாம் நம்பர் டோக்கனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு செல்லதுரை இந்த விளக்கத்தைக் கேட்டான். கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. அது பக்தியா, கூலர் காற்றா என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை.

வரிசையில் இருந்ததிலேயே விநோதமான வண்டி அவனுடையதுதான். உடம்பு பழைய ஜீப். பின் சக்கரம் டிராக்டருடையது. இன்ஜின் ஒரு வேனிலிருந்து வந்தது. ஸ்டியரிங் எதிலிருந்து வந்தது என்று அவனுக்கே மறந்துவிட்டது. ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு தன் கையாலேயே வெட்டி ஒட்டிச் செய்த வண்டி. முழங்கால் சேற்றில் இறங்கி, இருபது மூட்டை நெல்லோடு ஏறி வந்துவிடும். ஊரில் அதற்கு எருமை என்று பெயர். அவன் மனைவி அம்சம் தன் கறவைப் பசுவை விற்றுத்தான் அந்த இன்ஜின் வந்தது. "பசுவைக் குடுத்து எருமை வாங்குன மகராசன்" என்று டீக்கடையில் ஒருநாள் விடாமல் சொல்லிக்காட்டினார்கள்.

எருமைக்கு ஒரே ஒரு குறை. ரோட்டில் ஓடினால் சமர்த்து. வயலில் இறங்கினால் கால் மணி நேரத்தில் மீட்டர் ஊசி சிவப்புக்குப் போய், மூஞ்சியிலிருந்து ஆவி விடும். எருமைக்குச் சூடு வந்தால் குளத்தில் இறங்குமே என்று செல்லதுரை ஒருநாள் வண்டியைக் குளத்திலேயே இறக்கிப் பார்த்தான். இறக்குவது சுலபமாக இருந்தது. ஏற்றுவதற்குப் பதினாறு பேர் வந்தார்கள்.

குடவாசலில் பட்டறை வைத்திருக்கிற ஷேக் பரீத்திடமும் போனான். பரீத் அதிராம்பட்டினத்துக்காரர், படகு இன்ஜினில் தொழில் பழகியவர். அவர் சொன்னது எளிமையாக இருந்தது.

"தண்ணி சுத்துதா, காத்து போகுதா. ரெண்டே கேள்விதான் செல்லதுரை. வண்டியை ஒருநாள் விட்டுட்டுப் போ. கழட்டிப் பாத்துச் சொல்றேன்."

கழற்றிப் பார்த்துச் சொல்கிறாராம்! பார்த்துச் சொல்ல யாரால்தான் முடியாது? பார்க்காமலே சொல்பவரல்லவா மகான்! செல்லதுரை நேராகச் சாமியிடம் வந்துவிட்டான்.

அவனுக்கு அவசரமும் இருந்தது. ஊருக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிற களத்தில் பதினோரு வீட்டுக் குறுவை நெல் அறுத்து, அடித்து, மூட்டை பிடித்துக் கிடந்தது. போன வாரம் பெய்த மழையில் களத்துக்குப் போகிற வண்டிப்பாதை கூழாகிவிட்டது. டிராக்டர் இறங்கினால் அச்சு வரை புதையும். எருமை ஒன்றுதான் போய்வரும். வெள்ளிக்கிழமையிலிருந்து கனமழை என்று டி.வி.யில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் செவ்வாய். மூட்டை நனைந்தால் நெல் முளைத்துவிடும். முளைத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாசலோடு திருப்பிவிடுவார்கள். பதினோரு வீடும் செல்லதுரையின் முகத்தைத்தான் பார்த்தன.

அவன் முறை வந்தது. சாமி கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"மகனே! உன் வண்டி ரோட்டில் சுடுவதில்லை. வயலில் இறங்கினால்தான் சுடுகிறது. சரியா?"

செல்லதுரைக்குக் கை தானாகக் குவிந்தது. டோக்கன் கொடுத்த சீடர், என்ன கோளாறு, எங்கே வரும், எத்தனை நாளாக என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டதை அவன் சுத்தமாக மறந்துபோனான்.

"வரப்பில் ஒரு முனி இருக்கிறான். நெருப்பு முனி. நீ அவன் தலைமேல் வண்டி ஓட்டுகிறாய். அவன் விடுகிற மூச்சுதான் அந்தச் சூடு."

"ஐயோ சாமி! தெரியாமப் பண்ணிட்டேன் சாமி!"

"இன்ஜினை ஓடவிடு. எல்லாரும் கண்ணை மூடுங்கள். மூடாதவர்களுக்குக் கண்ணில் உஷ்ணம் இறங்கும்."

ஜனங்கள் கண்ணை மூடினார்கள். சாமி இன்ஜின் மேல் மஞ்சள் பட்டைப் போர்த்தி, அதற்குள் இரண்டு கைகளையும் விட்டு, ஏதோ முணுமுணுத்தார். மந்திரம் என்றார்கள். கையில் சூடு பட்டவன் முணுமுணுக்கிற மாதிரியும் இருந்தது.

"பார் மகனே, ஊசியை!"

செல்லதுரை பார்த்தான். சிவப்பை நெருங்கிக்கொண்டிருந்த ஊசி சரசரவென்று இறங்கி, குளிர்ச்சி என்று குறி போட்ட அடிக்கோட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்ஜின் என்னவோ முன்போலவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. "சீதளா! சீதளா!" என்று கூட்டம் கத்தியதில் வாய்க்கால் கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

வைத்தியம் அதோடு முடியவில்லை. சாமி மந்திரித்த ஈரச்சாக்கு ஒன்றை ரேடியேட்டர் மேல் சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் அவிழ்க்கவே கூடாது.

"உங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு ஈரச்சாக்கு சுற்றுகிறீர்களா இல்லையா? தண்ணீர் ஜில்லென்று ஆகிறதா இல்லையா? ரேடியேட்டர் என்பது யார்? அதுவும் ஒரு பானைதான்" என்றார் சாமி.

அடடா என்று தலையை ஆட்டாத ஆளில்லை. பானைக்குச் சாக்கு சுற்றாத வீடு அந்தப் பக்கத்தில் உண்டா? பானை சும்மா உட்கார்ந்திருக்கிறது, ரேடியேட்டர் காற்றைக் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது, அதன் மூக்கில் சாக்கைத் திணிக்கலாமா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாற்பத்தெட்டு நாளில் இன்ஜின் இறுகிவிடும், அதற்குள் சாமி வேறு ஜில்லாவுக்குப் போயிருப்பார் என்பதும் தோன்றவில்லை.

காணிக்கை ஒரு மூட்டை நெல், ஒரு கேன் டீசல். சாமி டீசல் குடிப்பாரா என்று கேட்காதீர்கள். பந்தலுக்குப் பின்னால் நின்ற சாமியின் பெரிய கார் குடிக்கும்.

மறுநாள் புதன்கிழமை காலை, எருமை இருபது மூட்டையோடு களத்திலிருந்து கிளம்பியது. மூட்டைகளின் மேல் அம்சம் உட்கார்ந்திருந்தாள். அவள் ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற பகுதியில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். செல்லதுரையின் நெற்றியில் சாமியின் விபூதி. மூஞ்சியில் பெருமிதம். மீட்டரில் ஊசி தரையோடு தரையாகக் கிடந்தது.

பாதி வழியில் தீய்ந்த வாடை வந்தது. அப்புறம் விசில் சத்தம். அப்புறம் சாக்கின் சந்துபொந்தெல்லாம் வெள்ளையாகப் பொங்கியது.

"ஏங்க, நிறுத்துங்க! ஆவி அடிக்குது!"

"ஆவி இல்ல அம்சம், பதறாத. ஊசியைப் பாரு, ஜில்லுன்னு நிக்குது. சாமியோட அருள்தான் வெளிய வருது."

"அருளா! நான் நாள் பூரா பாய்லர் பக்கத்துல நிக்கிறவ. அருளுக்கும் ஆவிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? மொதல்ல அணைங்க!"

அணைத்தான். அருள் நிற்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வந்தது. அம்சம் சேற்றில் குதித்து இறங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒருத்தனுக்குக் காய்ச்சல் எறங்கிருச்சுன்னா உடம்பு எப்படி இருக்கும்?"

"சாதாரணமா இருக்கும்."

"வெதுவெதுன்னு இருக்கும். தொட்டா ஜில்லுன்னு கெடந்தா?"

செல்லதுரை யோசித்தான். யோசனை அவனுக்குப் பழக்கமில்லாத வேலை, கொஞ்ச நேரம் பிடித்தது. "பொணம்" என்றான்.

"அப்ப ஓடுற இன்ஜின் எப்படிங்க ஜில்லுன்னு இருக்கும்? ஒண்ணு இன்ஜின் செத்துருக்கணும், இல்ல ஊசி பொய் சொல்லணும்."

அவள் இன்ஜின் மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு ஒற்றை ஒயர் எதிலும் மாட்டாமல் அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனிக்குப் பொருத்தமாகப் பக்கத்திலேயே ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ஒயரை அதில் மாட்டினாள்.

"இப்ப சாவியைத் திருப்பிட்டு ஊசியைப் பாருங்க."

செல்லதுரை திருப்பினான். படுத்துக் கிடந்த ஊசி சிவப்பின் கடைசிக் கோட்டுக்குத் துள்ளிக்கொண்டு போனது. அவன் இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"பாவி! என்ன காரியம் பண்ணிட்ட! ஜில்லுன்னு இருந்த இன்ஜின் நீ கையை வச்ச ஒடனே சூடாயிடுச்சே! சாமி போட்ட கட்டை அவுத்து விட்டுட்டியே!"

அம்சம் அவனைப் பார்த்தாள். தன் பசுவை நினைத்துக்கொண்டிருப்பாள். அது இவ்வளவு பேசாது.

மூட்டைகளைத் தலைச்சுமையாக மீண்டும் களத்துக்குக் கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை அம்சத்தைத் திட்டினார்கள். "பெரியவங்க கட்டுனதைப் பொம்பளை போய்த் தொடலாமா?" என்றார் ஒருத்தர். "வெள்ளிக்கிழமை மழைக்கு நம்ம நெல்லு முளைச்சா இவதான் காரணம்" என்றார் இன்னொருத்தர். இவர்களிடம் ஒயரைப் பற்றிப் பேசுவதும் உரலோடு பேசுவதும் ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்தது. சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரிங்க. தப்பு என்னோடதுதான். நாளைக்குப் பௌர்ணமி. சாமிகிட்டயே போயி மன்னிப்பு கேட்டு, பாதபூஜை பண்ணிட்டு வந்துருவோம்."

ஒயரை எடுத்து, பழையபடி தொங்கவிட்டாள். செல்லதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. பதினைந்து வருஷமாகக் கவனிக்காதவன் அன்றைக்கு மட்டும் எப்படிக் கவனிப்பான்?

வியாழக்கிழமை வாய்க்கால் கரையில் எள் போட்டால் எள் விழாது. செல்லதுரை விடியும்போதே போய் எருமையை வரிசையில் போட்டுவிட்டான். சும்மா நிற்கிற நேரத்தில் சாமியின் காரைச் சுற்றி வந்து தொட்டுக் கும்பிட்டான். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஊர் வண்டிகளுக்கெல்லாம் சாக்கு கட்டிய சாமி, தன் காருக்கு மட்டும் கட்டவில்லை! அடுத்தவருக்குச் செய்தே தேய்ந்த மகானுக்குத் தன்னைக் கவனிக்க நேரம் ஏது? செல்லதுரைக்கு மனசு தாங்கவில்லை. பந்தலில் கிடந்த மந்திரித்த சாக்கு இரண்டை நனைத்து எடுத்து, காரின் முன்னால் ரேடியேட்டர் தெரியாதபடி இறுக்கிக் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வந்து நின்றுகொண்டான். புண்ணியத்தைச் சொல்லிக்காட்டினால் பலிக்காது.

அம்சம் பித்தளைத் தாம்பாளம், மஞ்சள், பூவோடு வந்தாள். இடுப்பில் ஒரு முறம். அதில் காணிக்கை நெல், புடைக்காமல் பதரோடு இருந்தது. பின்னாலேயே பரீத் கையில் ஒரு சின்ன ரப்பர் குழாயோடு வந்தார்.

"பாய், நீங்க எங்க இங்க?" என்றான் செல்லதுரை.

"அம்சம் போன் பண்ணுச்சு. பூஜைக்குத் தண்ணி புடிச்சுக் குடுக்கணுமாம்."

வரிசையில் விட்டு விட்டு நகர்ந்ததில் எருமை நன்றாகக் காய்ந்திருந்தது. முதல்நாள் கருகிப்போன சாக்கைப் பார்த்துவிட்டு, "பக்திக் குறைவு" என்றார் சாமி. புதுச் சாக்குக்குப் புதுக் காணிக்கை என்றார் சீடர். மறுபடியும் மஞ்சள் பட்டு. மறுபடியும் கண்ணை மூடச் சொன்னார்கள். பட்டுக்குள் கையை விட்ட சாமி, ஒயர் ஏற்கெனவே தொங்குவதைத் தடவித் தெரிந்துகொண்டு, வேலை மிச்சம் என்று கையை எடுத்துவிட்டார்.

"ஊசி குளிர்ச்சியில் நிற்கிறது. நெருப்பு முனி ஓடிவிட்டான்!"

"சீதளா! சீதளா!"

அம்சம் முன்னால் வந்து விழுந்து கும்பிட்டாள்.

"சாமி, இன்ஜின் நெசமாவே குளிர்ந்துருச்சுங்களா?"

"பனிமலை போல, மகளே."

"உள்ள ஓடுற தண்ணியும்?"

"கங்கை போல!"

"அப்ப அந்தக் கங்கையாலயே சாமி பாதத்தைக் கழுவி, நான் செஞ்ச பாவத்தைப் போக்கிக்கிறேன். பரீத் அண்ணே, குழாயை மாட்டுங்க."

கூட்டம் ஆனந்தத்தில் வெடித்தது. இப்படி ஒரு பாதபூஜையை யார் கண்டது! கல்யாணம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன பக்தி! என்ன பக்தி!" சாமி எழுந்திருக்கப் பார்த்தார். பக்தர்கள் அன்போடு தோளை அமுக்கி உட்கார வைத்தார்கள்.

பரீத் எருமையின் அடியில் குனிந்து, ரேடியேட்டரின் அடித்திருகில் குழாயை மாட்டித் திறந்தார். தண்ணீர் கடகடவென்று தாம்பாளத்தில் விழுந்தது. கூடவே ஆவி புசுபுசுவென்று மேலே வந்தது.

"ஆவி வருதே!" என்றது ஒரு குரல்.

"ஆவி இல்லைங்க!" என்றார் கல்யாணம் சார். "ஐஸ் மேலயும் இப்படிப் புகை வரும், பாத்திருக்கீங்கல்ல? குளிர்ச்சி அளவுக்கு மீறிப் போச்சு. அதான்."

"பாதத்தை வைங்க சாமி!"

சாமியின் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்த்தது. பன்னிரண்டு வருஷப் பனி அப்படிச் சீக்கிரம் உருகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"இன்று பாதபூஜை நாள் அல்ல."

"பௌர்ணமிதோறும் பாதபூஜைன்னு ஃப்ளெக்ஸ்லயே போட்டிருக்கு சாமி!"

"கங்கையில் கால் வைப்பது பாவம்."

"உங்க கால் பட்டாத்தான் அதுக்கே புண்ணியம்! வைங்க சாமி!"

வண்டி ஓட்டி ஓட்டிக் கை உரமேறிய இரண்டு பக்தர்கள், சாமி கூச்சப்படுகிறார் என்று நினைத்து, ஆளுக்கு ஒரு காலைப் பிடித்தார்கள். சாமி காலை உதறினார். இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். பக்தர்கள் நாற்காலியோடு தாம்பாளத்துப் பக்கம் நகர்த்தினார்கள். செல்லதுரைதான் முன்னால் நின்று, "பயப்படாதீங்க சாமி, ஜில்லுன்னு இருக்கும்" என்று தைரியம் சொன்னான். சாமி நாற்காலி மேல் ஏறி நின்று, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"விடுங்கடா டேய்! வெந்து போயிடும்டா!"

சாமி அந்த ஊருக்கு வந்து சொன்ன முதல் உண்மை அதுதான்.

கல்யாணம் சார் மட்டும் இன்னும் மனம் தளரவில்லை. "அதெல்லாம் சோதனை. நான் காட்டறேன் பாருங்க" என்று சுண்டுவிரல் நுனியைத் தாம்பாளத்தில் வைத்தார். "ஆ!" என்று துள்ளி, விரலை வாயில் வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் நடத்திய பாடம் அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அம்சம் மஞ்சள் பட்டை உருவி எறிந்தாள். தொங்குகிற ஒயரை எடுத்துக் காட்டினாள்.

"யாராவது உக்காந்து ஊசியைப் பாருங்க. இந்தா, மாட்டறேன்."

"ஏறுது!"

"இந்தா, எடுக்கறேன்."

"எறங்குது!"

"இவ்வளவுதாங்க மந்திரம். சூடு எறங்கல. சூடு இருக்குன்னு சொல்ற வாயைத்தான் கட்டிப்புட்டாரு."

அறுவடை இயந்திரக்காரர் தன் வண்டியைத் திறந்து பார்த்தார். ஒயர் தொங்கியது. டிராக்டர்காரர்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அங்கும் தொங்கியது. கரும்புச்சாறுக்காரர் வண்டியில் மட்டும் தொங்கவில்லை. அதில் மீட்டரே கிடையாது. அவரிடமும் சாமி ஒரு மூட்டை வாங்கியிருந்தார்.

அதுவரை சாமியின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பரீத் கையைத் தட்டினார்.

"அட, அமிர்தலிங்கம்! நீயா? ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில மீட்டர் ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தியே! மாட்டத் தெரியலன்னு மொதலாளிகிட்ட தெனம் திட்டு வாங்குவ. கழட்டறதை மட்டும் நல்லாக் கத்துக்கிட்ட போலிருக்கே!"

இதற்கு மேல் இமயமலையாவது, தவமாவது! சுவாமிகள் நாற்காலியிலிருந்து குதித்து, காரில் ஏறி, கதவைச் சாத்தினார். கரை நெடுக வண்டிகள் அடைத்திருந்ததால் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு, நெளிந்து நெளிந்து போனார். வரிசையின் கடைசி டிராக்டரைத் தாண்டினார். அதற்குள் காரின் முன்புறம் இருந்து அருள் பொங்கிப் பொங்கி வந்தது. கார் நின்றேவிட்டது. செல்லதுரை பக்தியோடு கட்டிய இரண்டு சாக்கும் சாமிக்கே பலித்துவிட்டன. போலீஸ் வந்தபோது அமிர்தலிங்கம் நடுரோட்டில் நின்று, ஒரு வழிப்போக்கரிடம் பக்கத்தில் நல்ல மெக்கானிக் யாராவது உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

கூட்டம் கார் பின்னால் ஓடிவிட, பந்தலில் எருமையும் மூன்று பேரும் மிஞ்சினார்கள். செல்லதுரை தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அழுகையாக வந்தது.

"நாளைக்கு மழை அம்சம். வண்டி சூடு அப்படியே இருக்கே. பதினோரு வீட்டு நெல்லு. என்னை நம்பிப் போட்டு வச்சிருக்காங்க."

"இப்பத்தான் சரியான ஆளைக் கேக்கறீங்க. பரீத் அண்ணே, பாருங்க."

பரீத் சாக்கை அறுத்து எறிந்தார். ரேடியேட்டரின் கண்களில் வைக்கோல் தூசியும் சேறும் அப்பியிருந்தன. வாய்க்கால் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக அலசினார். ஆறவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்பி, இன்ஜினைப் போட்டார். செல்லதுரை பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிவந்து மாட்டிய கரண்ட் விசிறி, ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்ற ஆரம்பித்தது.

"விசிறி சுத்துது. எந்தப் பக்கம் காத்தைத் தள்ளுதுன்னு பாக்கணும். முன்னாலேருந்து உள்ள இழுக்கணும்" என்றார்.

"இதுக்கு எதுக்குண்ணே மெஷினு?" என்றாள் அம்சம். களத்தில் நெல் தூற்றுவதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க என்ன செய்வாளோ அதையே செய்தாள். முறத்திலிருந்து ஒரு கைப்பிடி பதரை அள்ளி, ரேடியேட்டருக்கு முன்னால் தூவினாள்.

உள்ளே போக வேண்டிய பதர் அப்படியே திரும்பிப் பறந்து, முன்னால் நின்ற செல்லதுரையின் முகத்தில் அப்பியது. அவன் வழக்கம்போல வாயைத் திறந்து வைத்திருந்தான். துப்பி முடிக்க நேரமாயிற்று.

"விசிறிக்கு ஒயர் குடுத்தது யாரு?" என்றார் பரீத் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நான்தான்."

"சிவப்பையும் கறுப்பையும் மாத்திக் குடுத்திருக்க. விசிறி திருப்பிச் சுத்துது. ரோட்ல வேகமாப் போறப்ப எதுருக் காத்து ஜெயிச்சிடுது. சேத்துல நத்தை மாதிரி ஊர்றப்ப எதுருக் காத்துக்கு எங்க போறது? விசிறி சூட்டை மூஞ்சிக்கே தள்ளுது."

அப்போதுதான் செல்லதுரைக்கு உறைத்தது. நெருப்பு முனி வரப்பில் இல்லை. ஆறு மாதமாக அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஒயரை மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்சம் மறுபடி பதரைத் தூவினாள். பதர் ஓடிப்போய் ரேடியேட்டரில் ஒட்டிக்கொண்டது. பரீத் ஒரு காலி எண்ணெய் டின்னை வெட்டி, காற்று பக்கவாட்டில் தப்பாதபடி விசிறியைச் சுற்றிக் கூடு கட்டினார். கடைசியாக மீட்டர் ஒயரை மாட்டினார்.

அன்று பிற்பகலில் ஆரம்பித்து மறுநாள் மதியம் வரை எருமை ஓடியது. ஊசி நடுக்கோட்டுக்கு ஏறி, அங்கேயே நின்றது. "வெதுவெதுன்னு இருக்கு அம்சம்! வெதுவெதுன்னு இருக்கு!" என்று நடைக்கு நடை செல்லதுரை கத்தினான். கடைசி நடை மூட்டை கூரைக்கடியில் இறங்கியபோது முதல் சொட்டு விழுந்தது. அப்புறம் பெய்தது பாருங்கள், பேய்மழை. பதினோரு வீட்டு நெல்லில் ஒரு மணி நனையவில்லை. அம்சத்தைத் திட்டியவர்கள் அன்றைக்கு அவளைப் பார்த்து, எதற்காகவோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

கதை இதோடு முடிந்தால் நம் ஜனங்கள் நம் ஜனங்கள் ஆவார்களா?

அடுத்த செவ்வாய்க்கிழமை செல்லதுரை காலையில் கதவைத் திறந்தால், வாசலிலிருந்து தெருமுனை வரை வண்டிகள் நின்றன. டிராக்டர்கள். அறுவடை இயந்திரம். கரும்புச்சாறு வண்டி. முன்னால் கையில் மாலையோடு கல்யாணம் சார், சுண்டுவிரலில் கட்டு. சுவரில் சாய்த்து வைத்திருந்த அம்சத்தின் முறத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றியிருந்தார்கள்.

"செல்லதுரை, அந்த முறத்துல ஒரு சக்தி இருக்குய்யா" என்றார் கல்யாணம் சார். "முறத்தம்மன்னு பேர் வச்சிருக்கோம். பதர் வழியா அருள் பாயுது. எல்லாம் சயின்ஸ்தான்."

செல்லதுரை வரிசையைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால், டோக்கன் அடிக்கலாமா என்று அவனுக்கே ஒரு நொடி ஓடியது. அதற்குள் பதர் தின்ற ஞாபகம் தொண்டையில் கரகரத்தது. காறித் துப்பிவிட்டு உள்ளே திரும்பினான்.

"அம்சம்! உன் முறத்தைத் தூக்கிட்டுப் போகப் பாக்கறாங்க, வா!"

அம்சம் வந்தாள். கற்பூரத்தை ஊதி அணைத்தாள். முறத்தை எடுத்து, குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள்.

"முறத்தைக் கும்பிட்டா பதர் போகாதுங்க சார். புடைக்கணும். நெல்லை மட்டும் இல்ல. காதுல வந்து விழுறது அத்தனையையும்!"

கூட்டத்தில் பாதிப் பேர் "முறத்தம்மா வாக்கு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மீதிப் பாதிப் பேர் போய்த் தங்கள் வண்டி மூடியைத் தூக்கி, விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தார்கள். நீங்கள் எந்தப் பாதி என்று உங்களுக்கே தெரியும்.